புயலுக்குப் போடாத ஊசி

பிப்ரவரி 3

காலையில் புயல் என் செருப்பைத் தின்றுவிட்டது. கடித்தது என்று எழுத மாட்டேன். தின்றது. இடது கால் வார் முழுசாக உள்ளே போய்விட்டது. வலது காலை நாளைக்கு என்று மிச்சம் வைத்திருக்கிறது போல. வீட்டுக்காரி முத்துத்தாய் விளக்குமாற்றோடு வந்தாள். "ரெண்டு போட்டாத்தான் புத்தி வரும்" என்றாள். நான் குறுக்கே நின்றேன். மூன்று மாதக் குட்டிக்கு இப்படி ஒரு பல் வரிசை வில்லாபுரத்தில் எந்த வீட்டில் இருக்கிறது?

ஜமீன் வம்சம். இதன் பாட்டன் ராஜபாளையத்துக் காட்டில் புலியை விரட்டிய நாய் என்று சின்னச்சாமி டீக்கடையில் சொன்னேன். எல்லோரும் வாயைப் பிளந்தார்கள். ஒருத்தன் மட்டும், "அங்க ஏதுண்ணே புலி?" என்றான். "இதோட பாட்டன் விரட்டுனதுலதான் இல்லாமப் போச்சு" என்றேன். கடையே சிரித்தது. டீ இலவசம்.

லோடு ஆட்டோவில் இன்று ரெண்டு நடை. வெங்காயம்.

பிப்ரவரி 5

பயிற்சி நன்றாகப் போகிறது. அவனியாபுரத்தில் ஜல்லிக்கட்டுக் காளை வளர்க்கிறவர்கள் செய்வதை ஒன்று விடாமல் செய்கிறேன். வாடிவாசலுக்குப் போகிற மாட்டை வேற்று ஆள் தொடக் கூடாது. ஒரே ஆள்தான் தீனி வைக்க வேண்டும். பகலெல்லாம் தனியாகக் கட்டிப்போட்டு, சாயங்காலம் அவிழ்த்து, முகத்துக்கு நேரே துண்டை வீசி வீசி வெறி ஏற்ற வேண்டும். அப்போதுதான் ஆளைக் கண்டால் பாயும். மாட்டுக்குச் சரி என்றால் நாய்க்கும் சரிதானே? அதற்கும் நாலு கால், இதற்கும் நாலு கால். கொம்புக்குப் பதில் பல். அவ்வளவுதான் வித்தியாசம்.

பகலில் மொட்டைமாடியில் கட்டிப்போடுகிறேன். சாயங்காலம் ஐந்து மணிக்கு டீக்கடை முன்னால் இறக்கி, சிவப்புத் துண்டை உதறுவேன். "ஏய் புயலு! வா! வா பாப்போம்!" இன்று ஆறடி உயரம் பாய்ந்தது. துண்டைக் கவ்விக்கொண்டு தொங்கியது. நான் ஒரு சுற்றுச் சுற்றினேன், விடவில்லை. சின்னச்சாமி, "அண்ணே, இது நாயில்லண்ணே, அம்பு" என்றான். பஸ்ஸில் போனவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள்.

பிப்ரவரி 8

முத்துத்தாய் காலில் பல் பட்டுவிட்டது. லேசாகத்தான்.

பிப்ரவரி 9

லேசு இல்லை என்கிறாள். சேலை ரெண்டு கிழிந்தது என்கிறாள். துணி காயப்போட மாடிக்குப் போக முடியவில்லையாம். "கட்டிப்போட்டா கத்துது, அவுத்துவிட்டா பாயுது. நான் இந்த வீட்டுல எங்கதாங்க நிக்கிறது?" என்று கேட்டாள். கட்டிலில் காலைத் தூக்கி வைத்து உட்கார்ந்துகொண்டு காய் நறுக்குகிறாள்.

குட்டி விளையாடுகிறது, அதற்குப் போய் இப்படியா என்றேன். "அது விளையாடலைங்க. அதுக்கு என்ன செய்யுறதுன்னே தெரியல" என்றாள். நாயைப் பற்றி இவளுக்கு என்ன தெரியும்? நான் நாயோடு நாயாக வளர்ந்தவன்.

ஆனால் ஒன்று. இன்று சோறு வைக்கப் போனபோது என் கையையும் கவ்வியது. துண்டு இல்லை, சத்தம் போடவில்லை, சும்மா கையை நீட்டினேன். ஏன்?

பிப்ரவரி 11

தல்லாகுளம் பக்கம் மாட்டாஸ்பத்திரிக்கு வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடக் கொண்டுபோனேன். முத்துத்தாய் தொல்லை தாங்காமல்தான். வரிசை பெரியது. ஆடு, கோழி, பூனை, ஒரு கிளிகூட. புயல் அத்தனையையும் ஒரே நாளில் பார்த்ததில்லை. துள்ளியது, கத்தியது, கயிற்றை முறுக்கியது. முன்னால் நின்ற ஒரு அம்மாவின் பையைக் கவ்வி இழுத்து, உள்ளே இருந்த முட்டையெல்லாம் தரையில். "நாய் வளக்கத் தெரியாதவன்லாம் ஏன்யா வளக்குறீங்க?" என்று அந்த அம்மா எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள். என்னை! நாய் வளர்க்கத் தெரியாதவன் என்று!

முட்டைக்குக் காசு கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டேன். ஊசி போடவில்லை. அடுத்த வாரம் கூட்டமில்லாத நேரம் பார்த்துப் போகலாம்.

வீட்டு வாசலில் முத்துத்தாய் நின்றாள். "போட்டாச்சா?" என்றாள். "போட்டாச்சு. ஜெர்மன் ஊசி. நாய் ஒரு சத்தம் போடலையே" என்றேன். வாயில் வந்துவிட்டது. அவள் முகம் அப்படி மலர்ந்தது, நானும் விட்டுவிட்டேன். பால் ஊற்றுகிற தங்கப்பொண்ணு அக்காவிடம்கூடச் சொல்லிவிட்டாள், இனி பயமில்லை, ஜெர்மன் ஊசி என்று.

பிப்ரவரி 17

இந்த வாரமும் போகவில்லை. திருமங்கலம் சவாரி.

பிப்ரவரி 23

ஞாயிறு. எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நடந்ததை நடந்தபடி எழுதிப் பார்க்கிறேன்.

தங்கச்சி சரண்யாதேவி, மாப்ள தமிழ்மாறன், பவதாரிணி மூன்று பேரும் பசுமலையிலிருந்து சாப்பிட வந்தார்கள். பவாவுக்கு நாலு வயது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. இந்த வீட்டுச் சுவரில் இருக்கிற கிறுக்கலெல்லாம் அவள் கிறுக்கியது. வெள்ளையடிக்க வந்தவனிடம் அந்த இடத்தை மட்டும் விடச் சொன்னவன் நான்.

மாப்ள கல்லூரி ஆபீசில் வேலை பார்க்கிற ஆள். எதையும் ரெண்டு தடவை விசாரிப்பான். வாசலிலேயே கேட்டான். "மச்சான், நாய்க்கு ஊசியெல்லாம்?"

"என்ன மாப்ள இப்படிக் கேட்டுட்டீங்க? ஜெர்மன் ஊசி. மதுரையில ரெண்டே நாய்க்குத்தான் போட்டிருக்கேன்னு டாக்டரே சொன்னாரு."

"இன்னொன்னு யாரு நாய்?"

"ஒரு ஜட்ஜ் வீட்டு நாய்."

தங்கச்சி சிரித்தாள். "அண்ணே, அந்த ஜட்ஜும் உன்னைய மாதிரிதான் பேசுவாரா?"

கறிக்குழம்பு, எலும்பு ரசம். சாப்பிட்டு முடிந்ததும் எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. மாப்ளைக்குக் காட்ட வேண்டும். புயலை மாடியிலிருந்து இறக்கி முற்றத்தில் துண்டை வீசினேன். பாய்ந்தது. பவா கை தட்டினாள். இன்னொரு தடவை மாமா, இன்னொரு தடவை மாமா. ஐந்தாறு தடவை செய்தேன். நாய்க்கு மூச்சு வாங்கியது, கண்ணெல்லாம் சிவப்பு. அந்த நேரம் பார்த்து லோடுக்கு ஒருத்தன் போன். துண்டைத் திட்டில் போட்டுவிட்டு வாசல் பக்கம் போனேன். நாயைக் கட்டவில்லை. கட்டவில்லை.

பின்னாலிருந்து என் குரல் கேட்டது. "ஏய் புயலு! வா! வா பாப்போம்!" என்னை மாதிரியே, அதே இழுப்பு. பவா துண்டைத் தலைக்கு மேலே சுற்றுகிறாள். நான் சிரித்தேன். ஆமாம், போனைக் காதில் வைத்துக்கொண்டு சிரித்தேன்.

வலது கை, கட்டைவிரலுக்குக் கீழே. ரெண்டு பல். ரத்தம் முழங்கை வரை வந்தது. பிள்ளை முதலில் அழவில்லை. என்னைப் பார்த்து, "மாமா மாதிரிதான மாமா செஞ்சேன்" என்றாள். அப்புறம்தான் அழுதாள்.

முத்துத்தாய் குழாயைத் திறந்து, சோப்புப் போட்டுக் கழுவினாள். வெகு நேரம் கழுவினாள். மாப்ள வண்டிச் சாவியை எடுத்தான். "ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

"எதுக்கு மாப்ள? அதான் நாய்க்கு ஊசி போட்டாச்சுல்ல. புள்ளைய எதுக்குப் போட்டு ஊசியில குத்திக்கிட்டு?"

அவன் என்னையே பார்த்தான். "நெசமாப் போட்டாச்சா மச்சான்?"

நான் வாயைத் திறக்கும் முன்னால் முத்துத்தாய் சொன்னாள். "போட்டாச்சு தம்பி. அன்னைக்கு வெயில்ல கொண்டுபோய்ப் போட்டுட்டு வந்தாரு. நாய் சத்தமே போடலையாம்."

அவள் சொன்னதும் மாப்ள நம்பிவிட்டான். சாவியைப் பையில் போட்டான். மருந்துக் கடையில் களிம்பு வாங்கித் தடவிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். தங்கச்சி என்னோடு பேசவில்லை. பவா மட்டும் வண்டியிலிருந்து கட்டுப்போட்ட கையை ஆட்டினாள்.

ஏன் சொல்லவில்லை? அந்த இடத்தில் ஒரு வார்த்தை. ஏன் சொல்லவில்லை?

பிப்ரவரி 24

புயல் நன்றாகத்தான் இருக்கிறது. நல்லாத் தின்னுது, நல்லாக் குடிக்கிது. வெறி பிடித்த நாய் தண்ணீர் குடிக்காது. இது ஒரு சட்டி குடித்தது. அப்படியென்றால் ஒன்றும் இல்லை. ஒன்றும் இருக்காது. வீட்டையும் டீக்கடையையும் தாண்டிப் போகாத குட்டிக்கு என்ன வந்துவிடும்?

பிப்ரவரி 25

ராத்திரியில் தெருநாய் ரெண்டு மாடிப்படி வரை ஏறி வரும் என்று பக்கத்து வீட்டில் சொல்கிறார்கள். இத்தனை நாள் எனக்குத் தெரியாதே. அதுகள் புயலைக் கடித்திருக்குமா? உடம்பெல்லாம் தடவிப் பார்த்தேன். காதுக்குப் பின்னால் ஒரு தழும்பு. பழசா, புதுசா?

தங்கச்சிக்குப் போன் பண்ணினேன். பவா நன்றாக இருக்கிறாளாம். காய்ச்சல் இருக்கா என்று கேட்டேன். "எதுக்குண்ணே காய்ச்சல் வரணும்?" என்றாள். சும்மா கேட்டேன் என்று வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 26

புயல் இன்று சாப்பிடவில்லை.

பிப்ரவரி 27

விடிந்ததும் பார்த்தேன். மூலையில் படுத்திருந்தது. வாயில் எச்சில் ஒழுகியது. பேர் சொல்லிக் கூப்பிட்டால் கண்ணை மட்டும் திருப்பியது. அள்ளி ஆட்டோவில் போட்டுக்கொண்டு மாட்டாஸ்பத்திரிக்கு ஓட்டினேன். தெற்குவாசல் பாலத்தில் எத்தனை பேர் திட்டினார்கள் என்று தெரியாது.

டாக்டரம்மா சின்ன வயது. "என்ன இனம்?" என்று கேட்டார். ஜமீன் வம்சம் என்று நாக்கு வரை வந்தது. மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் வெங்காய மூட்டைக்குப் பின்னால் கிடந்தது என்றேன். நாட்டு நாய் என்று எழுதிக்கொண்டார். வாயைத் திறந்து பார்த்து, இடுக்கியை விட்டு இழுத்தார். சிவப்பு நூல், விரல் நீளத்துக்கு. பல் விழுகிற ஈறில் துண்டு நூல் மாட்டி வீங்கியிருந்தது. என் துண்டு.

"வெறி இல்லையா டாக்டர்?"

"இப்போதைக்கு அப்படித் தெரியல. ஆனா கண்ணால பாத்துச் சொல்ற விஷயம் இல்ல அது. ஊசி எப்பப் போட்டீங்க?"

"போடலை."

அதுவரை யாரிடமும் சொல்லாத வார்த்தை. முன்பின் தெரியாத ஆளிடம் எம்புட்டு லேசாக வந்தது!

"யாரையாவது கடிச்சிருக்கா?"

"தங்கச்சி மகளை. நாலு வயசு. ஞாயித்துக்கிழமை."

எழுதுவதை நிறுத்தினார். "அந்தப் புள்ளைக்கு ஊசி போட்டாச்சா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"என்னங்க நீங்க! நாயை நான் பாத்துக்குறேன். புள்ளைய இன்னைக்கே பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நாளைக்கு இல்ல, இன்னைக்கு. நோய் வந்தப்புறம் வைத்தியமே கிடையாது, தெரியும்ல?"

தெரியும். அதுதான் நாலு நாளாகத் தெரியும்.

நாயை அங்கேயே விட்டுவிட்டுப் பசுமலைக்கு ஓட்டினேன். வழியெல்லாம் கதை கட்டினேன். பொய்யாகவே கட்டினேன், எனக்கு வேறு தெரியவில்லை. ஜெர்மன்காரன் அந்த ஊசியையே திருப்பி வாங்கிக்கொண்டான், மருந்தில் ஏதோ கோளாறு, டாக்டரே போன் பண்ணினார் என்று. நல்ல கதை. யாருக்கும் தலைகுனிவு இல்லை. பிள்ளைக்கும் ஊசி விழுந்துவிடும்.

மாப்ள வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தான். சொன்னேன். அழகாகச் சொன்னேன். அவன் செருப்பை மாட்டிக்கொண்டே கேட்டான்.

"அப்ப ஊசி போட்டதுதான, கொஞ்சம் வீரியம் கம்மி. அம்புட்டுத்தான?"

"ஆமா மாப்ள. இருந்தாலும் புள்ளைக்கு ஒண்ணு போட்டுட்டா..."

"சரி மச்சான். ஞாயித்துக்கிழமை லீவுல கூட்டிட்டுப் போறேன். இன்னைக்கு ஆபீசுல ஆடிட்."

"ஞாயித்துக்கிழமையா?"

"ஊசிதான் போட்டிருக்குல்ல. மூணு நாள்ல என்ன ஆயிரப்போகுது?"

பொய் நன்றாகத்தான் இருந்தது. அந்தப் பொய்யாலேயே பிள்ளை ஞாயிற்றுக்கிழமை வரை ஊசி இல்லாமல் வீட்டில் இருக்கும். பவா உள்ளேயிருந்து வந்தாள், பள்ளிக்கூடச் சட்டையோடு. கட்டு அவிழ்ந்திருந்தது. "மாமா, புயல் சாப்பிட்டுச்சா?" என்றாள்.

"போடல மாப்ள" என்றேன்.

"என்னது?"

"ஊசி போடவே இல்ல. போனேன், போடாமத் திரும்பிட்டேன். வீட்டுல போட்டாச்சுன்னு சொன்னேன். முத்துத்தாய்க்கும் தெரியாது. ஜெர்மனும் இல்ல, ஒண்ணும் இல்ல. இன்னைக்கே போகணும் மாப்ள. இப்பவே."

தங்கச்சி கையிலிருந்த டிபன் டப்பா கீழே விழுந்தது. மாப்ள என்னை அடிப்பான் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். என் பக்கம் திரும்பவே இல்லை. பிள்ளையைத் தூக்கினான், வண்டியை எடுத்தான், தங்கச்சி பின்னால் ஏறினாள். நான் ஆட்டோவில் பின்னாலேயே போனேன்.

பெரியாஸ்பத்திரியில் கையில் ஊசி, அப்புறம் கடித்த இடத்தைச் சுற்றியே ஊசி. அதுதான் ரொம்ப வலிக்குமாம். கதவுக்கு வெளியே நின்றேன். பிள்ளை கத்தியது அந்த வராண்டா முழுக்கக் கேட்டது. "மாமா மாதிரிதான செஞ்சேன், மாமா மாதிரிதான செஞ்சேன்" என்றே கத்தியது.

அதற்கு மேல் எழுத முடியலை.

பிப்ரவரி 28

முத்துத்தாயிடம் நான்தான் சொன்னேன். தங்கச்சி போனில் சொல்வதற்கு முன்னால். அடுப்பை அணைத்துவிட்டு உட்கார்ந்தாள்.

"என் வாயாலயும் சொல்ல வச்சுட்டீங்களே. நான் சொல்லலைன்னா அந்தத் தம்பி அன்னைக்கே புள்ளைய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிருக்கும்ல?"



மார்ச் 2

ரெண்டாவது ஊசி இன்று. போகவா என்று கேட்டேன். வேண்டாம் என்றாள் தங்கச்சி.

நாயை வீட்டுக்குக் கொண்டுவந்தாயிற்று. கடித்த நாளிலிருந்து பத்து நாளைக்கு விடாமல் பார்க்கச் சொல்லியிருக்கிறார் டாக்டரம்மா. சாப்பிடுகிறதா, தண்ணீர் குடிக்கிறதா, போக்கு மாறுகிறதா என்று. சாயங்காலம் மாப்ள போன் பண்ணினான்.

"நாய் சாப்பிட்டுச்சா?"

"சாப்பிட்டுச்சு மாப்ள. சோறும் முட்டையும்."

"அக்காகிட்டக் குடுங்க."

முத்துத்தாய் வாங்கினாள். "ஆமா தம்பி, சாப்பிட்டுச்சு. நான் பாத்தேன்" என்றாள். வைத்துவிட்டான்.

மார்ச் 3

"தண்ணி குடிச்சுச்சா?" "குடிச்சுச்சு மாப்ள." "அக்காகிட்டக் குடுங்க."

மார்ச் 4

அதே.

மார்ச் 5

கெடு முடிந்தது. புயல் குத்துக்கல்லாட்டம் இருக்கிறது. நாயிடமிருந்து பவாவுக்கு எதுவும் வந்திருக்காது, ஆனாலும் மிச்ச ஊசியையும் போட்டுவிடுங்கள் என்றார் டாக்டரம்மா. முத்துத்தாய் சாமி படத்துக்கு முன்னால் வெகு நேரம் நின்றாள். நான் நிற்கவில்லை. எந்த முகத்தோடு நிற்பது?

புயலுக்கும் ஊசி போட்டாயிற்று. இம்முறை முத்துத்தாயும் கூட வந்தாள். அவளே வந்தாள்; நான் கூப்பிடவில்லை.

கடிக்கிறதை என்ன செய்வது என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். துண்டைப் பற்றிச் சொன்னேன், மாடியில் கட்டியதைச் சொன்னேன், நான் மட்டுமே சோறு வைத்ததைச் சொன்னேன். "இதெல்லாம் யாரு சொல்லிக் குடுத்தா?" என்றார். காளை வளர்ப்பு முறை என்றேன். "காளை வருசத்துக்கு ஒரு நாள் வாடிவாசலைத் தாண்டி ஓடுது. இது தினமும் உங்க வீட்டுக்குள்ளதான இருக்கப்போகுது?" என்றார்.

இதை யோசிக்கவே இல்லையே நான்.

மார்ச் 8

துண்டை எரித்துவிட்டேன். நாயைக் கீழே கொண்டுவந்தாயிற்று. கடித்தால் கத்தக் கூடாது, அடிக்கக் கூடாது, திரும்பி நின்றுகொள்ள வேண்டும். ஆட்டம் அதோடு முடிந்தது என்று அதற்குத் தெரிய வேண்டுமாம். மெல்லுவதற்கு ஈரத்துணியைச் சுருட்டிக் கொடுக்கலாம். நிறையத் தூங்க விட வேண்டும். குட்டி கடிப்பதில் பாதி தூக்கம் பற்றாமல்தானாம். நான் டீக்கடை முன்னால் வெறி ஏற்றிய நேரம் அது தூங்க வேண்டிய நேரம்.

கேட்க லேசாக இருக்கிறது. இன்று முத்துத்தாயும் நானும் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றதைப் பால் ஊற்ற வந்த தங்கப்பொண்ணு அக்கா பார்த்துவிட்டு, "என்ன, ரெண்டு பேருக்கும் சண்டையா?" என்று கேட்டுவிட்டுப் போனது. முத்துத்தாய் சிரித்தாள். ரொம்ப நாளைக்குப் பிறகு.

மார்ச் 12

டீக்கடையில் பிடித்துக்கொண்டார்கள். "என்னண்ணே, அம்பு எங்க? துண்டை வீசுங்கண்ணே." வீசுவதில்லை என்றேன். "பயந்துட்டாருப்பா." "ஜமீன் நாய்க்கு உடம்புக்கு முடியலையா?" என்று ஆளுக்கொன்று. ஜமீனும் இல்லை, மார்க்கெட்டில் எடுத்தது என்றேன். அதற்கும் சிரித்தார்கள், அதையும் என் கதைகளில் ஒன்று என்று எடுத்துக்கொண்டார்கள். உண்மையைச் சொன்னால்கூட நம்ப ஆளில்லை. யாரைக் குறை சொல்ல?

டீக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன்.

மார்ச் 19

இன்று என்னையும் கடித்தது. ரத்தம். நேற்று வரை பத்து நாள் நல்ல பிள்ளையாக இருந்துவிட்டு! மழையோடு இடி இடித்தது, பயந்திருக்கும். நானும் ஊசி போட்டுக்கொள்ளப் போனேன். வலிக்கிறது. நாலு வயதுப் பிள்ளைக்கு எப்படி வலித்திருக்கும்?

பேசாமல் விட்டுவிடலாமா என்று இருந்தது. சோழவந்தான் பக்கம் தோப்புக்காரர் ஒருத்தர் கேட்கிறார். கடிக்கிற நாய்தான் வேண்டும் என்கிறார். கொடுத்தால் தொல்லை விட்டது. முத்துத்தாயிடம் கேட்டேன். "நீங்க கெடுத்ததை அடுத்தவன் தோப்புல கொண்டுபோய் விட்டா சரியாயிருமா?" என்றாள். கொடுக்கவில்லை.

மார்ச் 27

பவாவுக்குக் கடைசி ஊசி. நானாகப் போய்ப் பெரியாஸ்பத்திரி வாசலில் நின்றேன். யாரும் கூப்பிடவில்லை. மாப்ள பார்த்தான். பவா ஓடி வரவில்லை. தங்கச்சியின் சேலைக்குப் பின்னால் நின்று எட்டிப் பார்த்தாள். கையில் ரெண்டு புள்ளி, வெள்ளையாக.

"மாமா, புயலுக்கும் ஊசி போட்டீங்களா?" என்று கேட்டாள்.

போட்டேன் பாப்பா என்றேன். அவள் நிமிர்ந்து அவள் அப்பாவைப் பார்த்தாள். நாலு வயதுப் பிள்ளை. அவன் தலையை ஆட்டிய பிறகுதான் என்னைப் பார்த்து, "வலிச்சுச்சா அதுக்கு?" என்றாள்.

ஆட்டோவை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

ஏப்ரல் 6

நாலு நாளாகக் கடி இல்லை. பாய்ச்சல் இருக்கிறது. முத்துத்தாய் கையில் சோறு வாங்கித் தின்கிறது. அவள் கட்டிலை விட்டு இறங்கிக் கீழே உட்கார்ந்து காய் நறுக்குகிறாள். புயல் பக்கத்தில் படுத்துக்கொண்டு கத்தரிக்காய்க் காம்பை மெல்லுகிறது. இதை எழுதுவதற்கு நான் எதையும் கூட்டவில்லை.

ஏப்ரல் 12

மாப்ள போன். மின்சார வாரியத்தில் ஏதோ விசாரிக்கச் சொன்னான். விசாரித்துச் சொன்னேன். "அக்காகிட்டக் குடுங்க" என்றான். அவளிடமும் அதையே கேட்டான். அவள், "எனக்குத் தெரியாது தம்பி, அவருதான் போனாரு. நான் பாக்காததைச் சொல்ல மாட்டேன்" என்றாள்.

என் முன்னாலேயே சொன்னாள். சரிதான்.

ஏப்ரல் 18

பள்ளிக்கூடம் லீவு விட்டாயிற்று. காலையில் மாப்ள போன். மாமா வீட்டுக்குப் போகணும் என்று பவா அடம் பிடிக்கிறாளாம். நாளைக் காலையில் கொண்டுவந்து விட்டால் நாலு நாள் இருப்பாளாம்.

"நாய் இப்ப எப்படி மச்சான்?"

பூனை மாதிரி ஆயிருச்சு மாப்ள என்று வாய் நிறைய வந்தது. அந்தச் சுவருக்குக் கீழே அவள் உட்கார்ந்து கிறுக்குவது கண்ணில் வந்தது. நாலு நாள்! முத்துத்தாய் அடுப்படியிலிருந்து வந்து, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, போனை வாங்கப் பக்கத்தில் நின்றாள்.

"முன்னைக்குப் பரவாயில்ல மாப்ள. எங்க மேல வாய் வைக்கிறதில்ல. ஆனா சின்னப் புள்ளைக ஓடுறதைக் கண்டா இன்னும் துள்ளுது. நேத்துக்கூடப் பக்கத்து வீட்டுப் பொண்ணு பாவாடையைப் பிடிச்சு இழுத்துருச்சு. கிழியல, ஆனா இழுத்துச்சு. இப்ப வேணாம். பவாவைக் கூட்டிட்டு வராதீங்க."

அந்தப் பக்கம் பின்னாலிருந்து பிள்ளை, "எப்பப்பா போறோம்?" என்று கேட்பது மட்டும் காதில் விழுந்தது.

"சரி மச்சான்" என்றான். "இன்னும் ஒரு மாசம் போகட்டும். நீங்க சொல்லுங்க, அப்பக் கூட்டிட்டு வாரேன்."

வைத்துவிட்டான்.

முத்துத்தாய் கையை நீட்டியபடியே நின்றாள்.

"எங்கிட்டக் குடுக்கச் சொல்லலையா?" என்றாள்.

"இல்ல" என்றேன்.